மூக்கு உடைந்த விமானமும் எட்டு ஐஸ் பாரும்

இருபத்தேழு வயது வரை நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த என் எடையை ஊரறியச் சொன்னவர் கேப்டன் யூசுஃப். டான்சானியாவின் மேற்குக் கோடியில் ஒரு சின்ன ஊர். விமான நிலையம் என்று பலகை மாட்டியிருந்த கொட்டகையில், மீன் பெட்டி நிறுக்கும் தராசில் என்னைக் கைப்பையோடு ஏறி நிற்கச் சொன்னார். நின்றேன். "அறுபத்தெட்டு" என்று உரக்கச் சொல்லி நோட்டில் எழுதினார். வரிசையில் நின்றவர்கள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார்கள்.

அடுத்து கோதண்டம் அண்ணா ஏறினார். எங்கள் பட்டறையின் தலைமை ஃபிட்டர். ஆளைப் பார்த்தால் எழுபது கிலோ. முள் எழுபத்தொன்பதில் நின்றது. கேப்டன் சந்தேகத்தோடு அவரைச் சுற்றி வந்தார். பேன்ட் பை இரண்டிலும் ஸ்பேனர்கள், சட்டைக்குள் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்துவிட்டு, மறுபடி எல்லாவற்றையும் சேர்த்தே நிறுத்தார். ஸ்பேனருக்கும் எடை உண்டு, ஊறுகாய்க்கும் உண்டு, ஒளித்து வைத்தால் குறையாது என்று பொறுமையாக விளக்கினார். இப்படிக் கிராம் கணக்குப் பார்க்கிற மனிதருக்குத்தான் நாங்கள் பிற்பாடு குழி பறித்தோம்.

நாங்கள் அங்கே போனது ஐஸ் விற்க. தண்டையார்பேட்டையில் எங்கள் பட்டறை. காசிமேட்டில் மீனுக்குப் போடுகிற ஐஸில் பாதி எங்கள் மெஷினில் உறைந்ததுதான் என்று முதலாளி சொல்லிக்கொள்வார். எப்படியோ அவர் பெயர் ஆப்பிரிக்கா வரை போய், ஏரிக்கரை மீனவப் பெண்களின் சங்கம் ஒன்று சின்ன ஐஸ் பிளான்ட் கேட்டு எழுதியது. முதலாளிக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும். டிப்ளமோவும் கொஞ்சம் இங்கிலீஷும் வைத்திருந்த ஒரே ஆள் நான். "சுமதி, நீ போய்ட்டு வா. கோதண்டத்தைத் துணைக்கு இட்டுகினு போ" என்றார்.

வீட்டில் அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை நான் திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் புடவை கட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கத்திவாக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள்.

இதற்கு முன் இரண்டு முறை உட்கார்ந்தாயிற்று. முதல் வீட்டில், கல்யாணத்துக்கு அப்புறம் வேலை எதற்கு என்று பாயசம் குடித்துக்கொண்டே கேட்டார்கள். இரண்டாவது வீட்டம்மா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்து, கிரீஸ் வாடை வருகிறது என்றார். இந்த மூன்றாவது வீடும் பெண் வேலையை விட வேண்டும் என்று தரகரிடம் முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டது. அம்மாவுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. எனக்கு வேலை போனால் என்னில் பாதி போன மாதிரி. அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது தவறிப்போக வேண்டும் என்று திருவொற்றியூர் வடிவுடையம்மனிடம் ரகசியமாக ஒரு மனுப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.

குட்டி விமானத்துக்கு ஆறு சீட். மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம், வயிற்றுக்குக் கீழே இரண்டு. கோதண்டம் அண்ணா சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா இது, பிளேனுன்னு சொன்னாங்கோ. நம்ம தேரடி ஷேர் ஆட்டோ கணக்கா கீது" என்றார். "அதுல பத்துப் பேரை ஏத்துவான். இதுல ஆறு பேருக்கே தராசு போடுறான்."

ஒரு மணி நேரம் பறந்ததும் கீழே ஏரி தெரிந்தது. ஏரி என்று பெயர்தான், அக்கரை தெரியவில்லை. கரையோரம் புல்லைச் செதுக்கிய நீளமான மண் பாதை. அதில் ஆடுகள். கேப்டன் தாழப் பறந்து ஒரு முறை சுற்றினார். கீழே ஒரு அம்மாள் அலுமினியப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டே ஓடி ஆடுகளை விரட்டினாள். விமானம் இறங்கியது. எண்ணூர் நெடுஞ்சாலையில் மாநகரப் பேருந்தில் போகிறவளுக்கு அந்தக் குலுக்கல் ஒன்றுமே இல்லை.

பாத்திரம் தட்டியவள்தான் சங்கத் தலைவி. பெயர் நீமா. அங்கே வயதில் மூத்த பெண்களை மரியாதையாக 'மாமா' என்று அழைக்கிறார்கள். கோதண்டம் அண்ணாவுக்கு இது பெரிய பேஜாராகப் போய்விட்டது. ஆறடி உயரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்மணியை எப்படி மாமா என்று கூப்பிடுவது? முதல் நாள் முழுக்க "மேடம்" என்றார். இரண்டாம் நாள் அவள் வறுத்த மீனைத் தட்டில் வைத்ததும் "தேங்ஸ் மாமா" என்று தானாக வந்துவிட்டது.

சாப்பாட்டில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மக்காச்சோள மாவில் கிண்டிய களி, பக்கத்தில் மீன் குழம்பு. காலையில் டீயும் சப்பாத்தியும். அவர்களும் அதைச் சப்பாத்தி என்றேதான் சொல்கிறார்கள். கரை நெடுக நெத்திலி மாதிரி ஒரு பொடி மீனை மணலில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலம் கோதண்டம் அண்ணா அதன் நடுவில் நின்று மூச்சை நன்றாக இழுத்துவிட்டு, "நெட்டுக்குப்பம் வந்துட்ட மாதிரி கீது பாப்பா" என்றார். அப்புறம் ஏரித் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு போட மறந்துட்டானுங்கோ" என்றார்.

மெஷின் படகில் வந்து இறங்கியது. கரைக்கும் ஐஸ் கொட்டகைக்கும் நடுவில் அந்த ஓடுபாதை கிடந்தது. முந்தின நாள் பெய்த மழையில் மண் பிசுபிசுவென்று இருந்தது. மரக்கட்டைகளை உருட்டி அதன்மேல் கம்ப்ரசரை இழுத்தோம். ஓடுபாதையின் குறுக்கே பாதி தூரத்தில் கட்டை ஒன்று பிளந்து மெஷின் ஒரு பக்கமாக அமுங்கியது. கிளப்பி இழுத்து முடித்தபோது, ஓடுபாதையின் குறுக்கே முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம்.

கல் போட்டு மூடச் சொன்னாள் மாமா நீமா. கல் கொண்டுவர லாரி இரண்டு நாள் கழித்துத்தான் வரும். பக்கத்தில் படகு கட்டுகிற இடத்தில் மரத்தூள் மலைபோல் குவிந்திருந்தது. காசிமேட்டில் எங்கள் ஆட்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஐஸ் கம்பெனி வாசலில் பள்ளம் விழுந்தால், ஐஸைப் பொதிகிற மரத்தூளைக் கொட்டி, மேலே ஒரு சாக்கு, அதன்மேல் கொஞ்சம் மண் போட்டு மிதித்துவிடுவார்கள். ஆள் நடக்கலாம், சைக்கிள் போகலாம். மஞ்சளாகத் தெரிந்தால் அது தூள் என்று அங்கே ஒவ்வொரு லாரிக்காரருக்கும் தெரியும், ஒதுங்கிப் போவார்கள். கோதண்டம் அண்ணா அதையே இங்கேயும் செய்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். கல்லுக்குக் காத்திருந்தால் வேலை கெடும் என்று நானும் கண்டுகொள்ளவில்லை. அதன் மேல் நாங்கள் தினமும் நடந்தோம், ஆடுகள் நடந்தன, எங்களுக்கு அது மறந்தே போயிற்று.

செவ்வாய்க்கிழமை எங்கள் முதல் ஐஸை எடுத்தோம். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து டின்களைத் தூக்கிக் கவிழ்த்ததும் இருபது ஐஸ் பார்கள் கண்ணாடியாக வழுக்கிக்கொண்டு வந்தன. கோதண்டம் அண்ணா முதல் பாருக்குச் சூடம் காட்டினார். அது பயன்படுத்தும் முறையில் ஒரு பகுதி என்று நினைத்து மாமா நீமா கவனமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் வந்து ஐஸைத் தொட்டார்கள், நக்கினார்கள், ஒருவர் கழுத்தில் ஒருவர் வைத்துக் கத்தினார்கள்.

புதன்கிழமை காலை கேப்டன் யூசுஃப் எங்களை அழைத்துப்போக வந்தார். பெட்டியெல்லாம் கட்டி ஓரமாக நின்றோம். மாமா நீமா பாத்திரத்தைத் தட்டி ஆடுகளை விரட்டினாள். விமானம் அழகாக இறங்கியது. பின் சக்கரம் இரண்டும் மண்ணைத் தொட்டு ஓடின. பிறகு மூக்கு மெல்லத் தாழ்ந்து முன் சக்கரம் மண்ணைத் தொட்டது. தொட்ட இடத்திலிருந்து மஞ்சள் புகை ஒன்று குப்பென்று கிளம்பியது.

கடக்கென்று ஒரு சத்தம். முன் கால் பின்பக்கமாக மடங்கியது. மூக்கு மண்ணில் குத்தி, விசிறி இறக்கைகள் உரித்த வாழைப்பழத் தோல் மாதிரி வளைந்து, வால் மேலே தூக்கிக்கொண்டு, விமானம் கொஞ்ச தூரம் உழுதுகொண்டே போய் நின்றது. கோதண்டம் அண்ணா என் மணிக்கட்டை இறுக்கினார்.

"பாப்பா. நம்ம தூளு."

உள்ளே கேப்டன் மட்டும்தான் இருந்தார். கதவைத் திறந்து இறங்கினார். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவர் நல்லபடி இறங்கியதைப் பார்த்ததும் எனக்கு வந்த அடுத்த நினைப்பு, ஞாயிற்றுக்கிழமை போயிற்று என்பதுதான். உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அம்மன் மனுவைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டாள்.

கேப்டன் விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார். அப்புறம் இறக்கையின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். அவருடைய பளபளப்பான கறுப்பு ஷூ முழுக்க மரத்தூள். கூட்டம் பள்ளத்தைப் பார்க்கப் போனது. சாக்கும் தூளும் எங்கெங்கோ சிதறி வெறும் குழிதான் மிச்சம். பள்ளத்தைக் கல் போட்டு மூடியாயிற்று என்றே மாமா நீமாவும் நினைத்திருந்தாள். ஏரியிலிருந்து நீர்யானை ஏறி வந்து மிதித்திருக்கும் என்றார் ஒரு பெரியவர். கோதண்டம் அண்ணாவுக்கு அந்தப் பாஷையில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. ஆனாலும் அந்தக் கருத்தைக் கப்பென்று பிடித்துக்கொண்டார். நீர்யானை எப்படி வந்திருக்கும், எந்தக் காலை வைத்திருக்கும், எப்படித் திரும்பிப் போயிருக்கும் என்று நடித்தே காட்டினார். நீர்யானைக்கு வாய் பெரிசுதான். ஆனால் சாட்சி சொல்ல வராதே.

கேப்டன் வயர்லெஸில் தன் கம்பெனியைக் கூப்பிட்டார். பேசியது இங்கிலீஷில் என்பதால் எனக்குப் புரிந்துவிட்டது. "தவறு என்னுடையதுதான். ஆடுகளைத் தேடிக்கொண்டிருந்தேன், தரையைச் சரியாகப் பார்க்கவில்லை" என்றார். மறுமுனை என்னவோ கேட்டது. "இருபத்திரண்டு வருடம். இதுதான் முதல் முறை" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி நிலைமையைச் சொன்னார். ஓடுபாதையை அடைத்துக்கொண்டு விமானம் கிடக்கும்வரை வேறு விமானம் இறங்க முடியாது. லாரியிலோ படகிலோ போனால் ஒரு வாரம் பிடிக்கும். நகர்த்திவிட்டால் வெள்ளிக்கிழமை ஒன்று வரும். வார இறுதியில் மழை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் மண் காய நான்கு மாதம்; அதுவரை விமானம் சேற்றில் ஊற வேண்டியதுதான். "அதற்குள் என் லைசென்ஸ் என்ன ஆகும் என்று எனக்கே தெரியவில்லை" என்று சிரிக்க முயன்றார்.

மத்தியானம் களித் தட்டை அப்படியே ஆட்டுக்கு வைத்துவிட்டு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஞாயிறு வரும், போகும், கத்திவாக்கத்தார் கோபித்துக்கொள்வார்கள், தரகர் என் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், எனக்கு வேலை மிஞ்சும். ஆனால் மீன் தராசில் ஊறுகாய் பாட்டிலைக்கூட நேர்மையாக நிறுத்த ஆளுக்கு, செய்யாத தப்புக்காக வேலை போகும். நான் என் வேலைக்காக அவர் வேலையைப் பலி கொடுக்கிறேன் என்று ஒரு நாள் முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கமும் நியாயமாகப் படவில்லை.

வியாழன் விடிந்ததும் கேப்டனைப் பார்க்கக் கிளம்பினேன். கோதண்டம் அண்ணா வழியை மறித்தார்.

"வாணாம் பாப்பா. வெளியூரு. உள்ள தள்ளிட்டானுங்கோன்னா ஊட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீர்யானை மேலயே கீது, வுட்டுறு."

"அந்தாளு வேல பூடும்ணா."

 அவர் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை அவிழ்த்து இறக்கிவிட்டார். "இரு, நானும் வரேன். தூளு போட்டவன் நானு. நீ மட்டும் போய் நின்னா நல்லாவா கீது?"

கேப்டனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மரத்தூள், சாக்கு, காசிமேடு, மஞ்சளைக் கண்டால் ஒதுங்குகிற லாரிகள், ஒன்று விடாமல். அவர் குனிந்து தன் ஷூவில் ஒட்டியிருந்த தூளை விரலால் தொட்டு எடுத்தார். "மேலிருந்து அந்த மஞ்சளைப் பார்த்தேன். காய்ந்த புல் என்று நினைத்தேன்" என்றார். பிறகு, "உங்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம் வரப்போகிறது. அதற்கு நேரம் இல்லை. முதலில் இதை நகர்த்த வழி உண்டா?" என்றார்.

வழி இருந்தது. நேற்று விபத்து நடந்த பத்தாவது நிமிடத்திலேயே என் தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்ட வழி. சொல்லாமல்தான் இருந்தேன்.

வாலை ஆட்கள் சேர்ந்து கீழே அழுத்தினால் மூக்கு மேலே வரும். மூக்குக்குக் கீழே மீன் வண்டி ஒன்றைத் தள்ளிவிட்டு மூக்கை அதன்மேல் வைத்தால், இழுத்துக்கொண்டு போகலாம். சிக்கல் வைப்பதில்தான். வாலில் எந்த இடத்தில் கை வைக்கலாம் என்று கேப்டன் சாக்கட்டியால் கோடு போட்டார்; மற்ற இடமெல்லாம் மெல்லிய தகடு, அமுங்கிவிடும். அந்தக் கோட்டுக்குள் எட்டுப் பேர்தான் நிற்க முடியும். எட்டுப் பேரும் மூச்சுப் பிடித்து அழுத்திவிட்டு ஒரே சீராகக் கையை எடுக்க முடியாது. ஒருவர் முந்தினாலும் மூக்கு தொப்பென்று வண்டியில் விழும், எஞ்சின் உடையும். ஊரில் ஜாக்கியும் இல்லை, கிரேனும் இல்லை.

எங்கள் பட்டறையில் கிரேன் நுழையாத சந்தில் கம்ப்ரசரை இறக்க ஒரு முறை வைத்திருக்கிறோம். அஸ்திவாரத்தில் ஐஸ் பாரை அடுக்கி, மெஷினை அதன்மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஐஸ் உருக உருக மெஷின் பூப்போல இறங்கி போல்ட்டில் உட்காரும். உலகத்தில் அதைவிட மெதுவான கிரேன் கிடையாது.

மாமா நீமாவிடம் எட்டு ஐஸ் பார் கேட்டோம். ஊரின் முதல் ஐஸ். அன்றைய மீனைப் பொதிய அவள் எடுத்து வைத்திருந்தது. அவள் விமானத்தைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள். "விமானம் வராவிட்டால் ஐஸில் வைத்த மீனை யாருக்கு அனுப்புவது?" என்று கேட்டுவிட்டு, ஐஸ் தூக்கப் பெண்களை அனுப்பினாள்.

எட்டுப் பேர் வாலில் அழுத்தினார்கள். கோதண்டம் அண்ணா "ஐலசா" என்று குரல் கொடுத்தார். ஊரே திருப்பிச் சொன்னது. மூக்கு மேலே வந்தது. நடுவில் வண்டியைத் தள்ளி, மேலே சாக்கு மூட்டைகளைப் பரப்பினோம். வண்டிக்கு இரண்டு பக்கமும் நான்கு நான்கு ஐஸ் பாரை அடுக்கி, குறுக்கே படகுப் பலகையைப் போட்டோம். கேப்டன் காட்டிய இடத்தில் பலகை வயிற்றைத் தாங்கியது. வால்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். விமானம் ஐஸ் மேல் நின்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. மட்டம் பார்க்க நான் பலகை மேல் வைத்திருந்த ரசமட்டத்தில் குமிழி நகர ஆரம்பித்திருந்தது. கிழக்குப் பக்கம் வெயில். அந்தப் பக்க ஐஸ் வேகமாக உருகுகிறது. இன்னும் ஒரு விரல்கடை சாய்ந்தால் விமானம் பக்கவாட்டில் வழுக்கிவிடும், இறக்கையும் போய்விடும். பட்டறையில் எங்களுக்குக் கூரை உண்டு. வெட்டவெளியில் இதை நான் செய்ததே இல்லை. 

"அண்ணா, கெயக்கால சாக்கு போடு, ஈர சாக்கு" என்று கத்திவிட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். மெஷினுக்கு வந்த உப்பு மூட்டையைப் பிரித்து, இரண்டு கையிலும் அள்ளி வந்து மேற்குப் பக்க ஐஸின் மேல் தேய்த்தேன். உப்பு பட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும். குமிழி நின்றது. பிறகு மெல்ல நடுவுக்குத் திரும்பியது. அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் இதே வேலை. கிழக்கே சாக்கு, மேற்கே உப்பு, நடுவில் குமிழி. என் விரல் நுனியெல்லாம் வெந்த மாதிரி வெளுத்துப்போயிற்று. கேப்டன் எதிரே குந்தி என் முகத்தையும் குமிழியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுப்பகலில் மூக்கு சாக்கு மூட்டைமேல் இறங்கியது. ஒரு சின்ன முனகல் சத்தம்கூட இல்லை.

விமானத்தை ஓரங்கட்டி, இந்த முறை லாரியில் கல் வரவழைத்து, பள்ளத்தில் போட்டு இடித்து மூடினோம். எல்லாம் முடிந்ததும் கேப்டன் யூசுஃப் சொன்ன சொல் தவறாமல் கோபப்பட்டார். முழுசாகக் கால் மணி நேரம். கோதண்டம் அண்ணாவுக்கு இங்கிலீஷ் புரியாது என்பதால் கொஞ்சம் ஸ்வாஹிலியிலும் திட்டினார்; அதுவும் அவருக்குப் புரியாது. பிறகு விமானத்தின் பதிவேட்டைத் திறந்து, மரத்தூளைப் பற்றி என்னையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். எனக்குக் கீழே கோதண்டம் அண்ணா தமிழில் போட்டார். கேப்டன் மையை ஊதிக் காயவைத்துவிட்டு, இத்தனை பெரிய கையெழுத்துக்கு எவ்வளவு எடையோ என்றார்.

வெள்ளிக்கிழமை வேறொரு விமானம் வந்தது. அதன் மூன்று சக்கரத்துக்கும் கீழே கோதண்டம் அண்ணா எலுமிச்சம்பழம் வைத்தார். கேப்டன் மூன்றையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மீனுக்குப் பிழிந்துகொள்வாராம். அவரும் எங்களோடு ஏறினார், பயணியாக. ஏறும்போது சங்கத்தின் மீன் தராசில் என்னை நிறுத்தார். அறுபத்தாறு. இந்த முறை மெதுவாகத்தான் சொன்னார்.

ஞாயிறு காலை திருவொற்றியூர். ஆறாயிரம் கிலோமீட்டர் தாண்டி, உடைந்த விமானத்தைத் தாண்டி, நான் வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட நாளுக்குச் சரியாக வந்து சேர்ந்தேன். அம்மா தலையில் பூ வைத்தாள். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கத்திவாக்கத்தார் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். மொத்தமே ஏழெட்டு கிலோமீட்டர்.

மூன்றரை ஆயிற்று. நாலு ஆயிற்று. நாலேகாலுக்கு அப்பாவின் செல்போன் அடித்தது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை எர்ணாவூர் தாண்டி நிற்கிறதாம். மாப்பிள்ளை வீட்டு சுமோ நடுவில் மாட்டிக்கொண்டு முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. அம்மா கேசரியை மூடி வைத்தாள். அம்மனுக்கு என் மனு ஞாபகம் இருந்திருக்கிறது. ஃபைல் கொஞ்சம் லேட்டாக நகர்ந்திருக்கிறது. நான் பூவை எடுக்கக் கையைத் தூக்கினேன்.

ஐந்தரை மணிக்கு வாசலில் ஒரு ஆள். சட்டை முழுக்கப் புழுதி, கையில் தார்க்கறை. "நான் பாஸ்கர். லாரிக்கு நடுவுல நடந்தே வந்துட்டேன். அம்மா வண்டியிலயே கீறாங்க" என்றார். ராகு காலத்தில் உள்ளே கூப்பிடுவதா வேண்டாமா என்று அம்மா தவித்தாள். "ஆறு மணி வரைக்கும் வெளியிலயே ஒக்காந்துக்கிறேன் ஆன்ட்டி" என்று அவரே பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தெருவில் போட்டுக்கொண்டார்.

தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் விரல்களைப் பார்த்தார். "இன்னா காயம்?"

"உப்பும் ஐஸும்."

சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனால் முழுக்கச் சொல்லிவிட்டேன், மரத்தூளிலிருந்து. காலையிலிருந்து இந்தக் கதையைக் கேட்டவர்கள் எல்லோரும், பயமாக இல்லையா, சிங்கம் பார்த்தாயா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இவர் கத்திவாக்கத்தில் இரும்பு வார்க்கிற பட்டறையில் சூப்பர்வைசர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "ரெண்டு பக்கமும் ஒண்ணா உருகாதே. மட்டம் எப்பிடிப் புடிச்சீங்க?"

 தயாராக வைத்திருந்த 'வேண்டாம்' என்ற வார்த்தையைத் தேடினேன். முதலில் வேலை விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளலாம் என்று, "ஆறு மாசத்துல சர்வீசுக்கு நான் திரும்பவும் அங்க போவேன். வேலைய வுட மாட்டேன்" என்றேன்.

"அம்மா சொல்லியனுப்பிச்சது எனக்கு நேத்துதான் தெரியும். அதச் சொல்லத்தான் நடந்து வந்தேன்" என்றார். "வேலைய வுட வாணாம். அம்மா கைல நான் பேசிக்கிறேன். மட்டம் எப்பிடி?"

தெருவில் குந்தி, மண்ணில் விரலால் வண்டியை வரைந்தேன். இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு. அவரும் நாற்காலியை விட்டு இறங்கிக் குந்தினார். சூரியன் எந்தப் பக்கம் என்று கேட்டு, அதற்கும் ஒரு வட்டம் போட்டார். ஆறு மணி அடித்தது. அம்மா வாசலுக்கு ஓடி வந்து, "ராகு காலம் முடிஞ்சிது, உள்ள வாங்க தம்பி" என்றாள்.

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டு நிமிஷம் ஆன்ட்டி" என்றார். "இன்னும் மூக்கு இறங்கல."